கடலை சுற்றிய கொப்பி

அன்புள்ள மிஸ்,

நான் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். வயது 32. 2012 மே மாதம் அப்பா தவறிவிட்டார். ஆகஸ்டில் எனக்கு உயர்தரப் பரீட்சை. அம்மாவுக்குக் கொழுந்து வேலை, எனக்குக் கீழே ஒரு தம்பி. அந்த நேரம் எங்களைத் தாங்கிப் பிடித்தவர் கடை முதலாளி. பதினான்கு மாதம் அரிசி, கோதுமை மா, பால்மா, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுத்தார். பிஸ்கட் கேட்டால் மட்டும் "காசு கொண்டு வா பிள்ளை" என்பார்.

கல்வியியற் கல்லூரி முடித்து ஆசிரியையாகி 2018 இல் முதல் சம்பளம் எடுத்ததும் அந்தக் கடனைக் கொண்டுபோய் நீட்டினேன். என் கணக்குப்படி 38,000 ரூபா. அவர் வாங்கவில்லை. "அந்தக் கொப்பியில கடலை சுத்திக் குடுத்து முடிச்சாச்சு பிள்ளை. படிக்கிற பிள்ளை யாராச்சும் கஷ்டப்பட்டா பாரு" என்றார். மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார்.

இப்போது மூன்று பிள்ளைகளுக்கு வகுப்புக் காசும் பஸ் காசும் கட்டுகிறேன். தவணைக்குத் தவணை தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்து காட்டச் சொல்வேன். பிடித்தம் போக எனக்குக் கைக்கு வருவது 46,000. அதில் 21,000 இதற்கே போகிறது. போன வருடம் சமாளிக்க முடியாமல் காப்பு ஒன்றை அடகு வைத்தேன். அடகுத் துண்டு என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் ஆட்டோ ஓட்டுகிறார். "நம்ம பிள்ளைக்கு என்ன வச்சிருக்க?" என்று கேட்டார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். பிறகு ஒரு வாரம் பேச்சு இல்லை.

இதற்கிடையில் மூவரில் ஒருவன், நல்ல கெட்டிக்காரன், சாதாரண தரம் எழுதிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். வயது 17. போனில் பிடித்து, "எனக்குச் சோறு போட்டவர் முகத்தில் நான் கரி பூசவில்லை, நீ பூசிவிட்டாய்" என்று ஏசிவிட்டேன். அதற்குப் பிறகு என் போனை அவன் எடுப்பதில்லை.

எவ்வளவு செய்தால் இந்தக் கடன் தீரும் மிஸ்? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வருவது பிழையா?

(பெயர் வேண்டாம்)

* * *

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு தடவையும் நான் நின்ற இடம் பிஸ்கட். அரிசிக்குக் கடன் உண்டு, பிஸ்கட்டுக்கு இல்லை. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 38,000 ரூபாவை ஒழுங்காக அளந்து பார்ப்போம். அதைச் சின்னதாக்கிக் காட்டி உங்களை ஆறுதல்படுத்த எனக்கு விருப்பமில்லை. அப்பா தவறிய நேரம் தோட்டச் சம்பளத்துக்கு நடைமுறையில் இருந்தது 2011 கூட்டு ஒப்பந்தம். ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 380, நூற்றுக்கு 75 வீதம் வேலைக்குப் போயிருந்தால் 105, அதோடு விலைக் கொடுப்பனவு என்று ஒரு 30. எல்லாம் சேர்த்து 515. புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த மாதம் 75 வீத வரவு எங்கே வரப்போகிறது? 105 கையை விட்டுப் போயிருக்கும். 380 கணக்கில் பார்த்தால் 38,000 என்பது சரியாக நூறு பேர், அதாவது நூறு நாள் வேலை. அம்மா நூறு நாள் மலையேறிக் கொழுந்து எடுத்து, ஒரு சதம் செலவழிக்காமல் வைத்திருந்தால் சேரும் காசு. தோட்டத்துக் கடைக்காரர் ஒருவருக்கு அது லேசான தொகை இல்லை. அதைக் 'கடலை சுத்திக் குடுத்தாச்சு' என்று சிரித்துக்கொண்டு சொல்ல அவருக்கு மனம் இருந்திருக்கிறது.

சிரித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, அவர் சொன்னது என்ன? கொப்பி முடிந்துவிட்டது என்றார். படிக்கிற பிள்ளை கஷ்டப்பட்டால் 'பாரு' என்றார். 'கட்டு' என்று சொல்லவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், அதிலும் நினைக்கத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றால், அவர் கிழித்துப்போட்ட கொப்பியைப் பொறுக்கி எடுத்து, ஒட்டி, வேறு மூன்று பிள்ளைகளின் பெயரில் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

இது உங்கள் குறை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நம் ஆட்களுக்குக் கடன் என்ற சொல்லே வேறு மாதிரிக் கேட்கும். கடல் கடந்து வந்த செலவு, வழிச் சாப்பாடு, அரிசி, கம்பளி என்று எல்லாம் ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியின் கணக்கில் ஏறித்தான் நம் முன்னோர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் 'துண்டு' வேண்டும். இன்ன ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுகிறோம் என்று எழுதிய ஒரு சின்னக் காகிதம். புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆளை எடுக்கும். ஆள் இடம் மாறுவான், கடனும் அவன் கூடவே நடந்து போகும். 1921 இல் சட்டம் வந்து அந்தத் துண்டு முறையை ஒழித்தது. நீங்கள் உங்கள் கடனை முதலாளியிடமிருந்து எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளிடம் போயிருக்கிறீர்கள். தங்கச்சி, அது துண்டு. நூறு வருடம் கழித்து நாமே அதை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா தவறிய அன்று லயத்தில் யார் வீட்டிலாவது அடுப்பு எரிந்ததா? அடுத்த லயத்திலிருந்து யாரோ ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து உங்களையும் தம்பியையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். மழையில் நின்று குழி வெட்டியவர்கள் யார்? அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்று அன்று பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகாமல் தங்கள் பேரை விட்டுக்கொடுத்த அக்காமார் எத்தனை பேர்? மரண சகாய சங்கத்திலிருந்து வந்த காசு கூட, மாதா மாதம் தோட்டத்தில் எல்லார் சம்பளத்திலும் வெட்டிச் சேர்த்தது. பரீட்சைக்குப் படிக்க இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) விளக்கை வைத்துவிட்டு, சத்தம் போடும் சின்னப் பிள்ளைகளை விரட்டிய ஒரு கிழவியாவது உங்கள் லயத்தில் இல்லாமல் இருந்திருக்க மாட்டார். இதில் ஒன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கடையில் வாங்கியது மட்டும் எழுதப்பட்டிருந்தது, அதனால் அது மட்டும் உங்கள் கண்ணில் நிற்கிறது.

தோட்டத்தில் எழுதுகிற கொப்பிகளும் உண்டு. கடைக் கொப்பி ஒன்று. கலியாணத்துக்கும் சடங்குக்கும் மொய்க் கொப்பி. அதில் ஐந்நூறு எழுதியிருந்தால் ஐந்நூற்றொன்று திருப்பிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கதை வரும். அதில் தப்பில்லை, அது ஒரு வகைச் சேமிப்பு. ஆனால் இழவு வீட்டுக்கு வந்த ரொட்டியை யாரும் எழுதுவதில்லை. முதலாளி கடைசியில் என்ன செய்தார் என்றால், கடைக் கொப்பியில் இருந்த உங்களை எடுத்து அந்த ரொட்டிக் கணக்கில் போட்டுவிட்டார். அங்கே வைத்துக்கொண்டு நீங்கள் 'எவ்வளவு செய்தால் தீரும்' என்று கேட்கிறீர்கள். அங்கே தீர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அதற்காகக் கொடுக்கும் ஆசையே தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்தபோது, ஒரு பாடசாலையில் தங்கியிருந்தவர்களோடு சில நாட்கள் இருந்தேன். இரண்டாம் நாள் ஒரு அம்மா. மாற்றிக் கட்ட ஒரு சேலை கூட மிஞ்சவில்லை, உடுத்தியிருந்தது யாரோ கொடுத்தது. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார், கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று பின்னேரம் சமையலறைப் பக்கம் ஆள் போதாமல் போய்விட்டது. யாரோ வந்து, 'அக்கா, கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தித் தாறீங்களா' என்று கேட்டார்கள். எழுந்து போனார். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, முதல் தடவையாக என்னிடம் தன் வீடு இருந்த இடத்தைப் பற்றிப் பேசினார். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வாங்கிக்கொண்டே இருக்கிற கை கூசும். அந்தக் கையால் ஒருவருக்கு ஒரு கோப்பை கொடுத்ததும் மனிதர் கொஞ்சம் நிமிர்வார். உங்களுக்கும் 2018 இல் அது நடந்திருக்கும். முதல் பிள்ளைக்கு முதல் மாதம் காசு கொடுத்த அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த உணர்வு நல்ல உணர்வு. எப்போது அது தவணைக் கட்டணமாக மாறியது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேர்ச்சி அறிக்கை கேட்கத் தொடங்கிய நாள் என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு மூன்று வருடம் ஒருவர் பாடசாலைச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. வருடா வருடம் தைப்பொங்கலுக்கு அம்மா என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே விருந்தாட்கள் இருப்பார்கள். "சப்பாத்தைக் காட்டு" என்பார். நான் ஒரு காலை முன்னால் வைத்துக் காட்டுவேன். எத்தனையாம் பிள்ளை என்று கேட்பார், வகுப்பில் வந்த இடத்தைச் சொல்வேன். இன்றைக்கு அவரை நினைத்தால் நன்றிக்கு முன்னால் எனக்குக் கால்தான் கூசுகிறது. கடை முதலாளி உங்களிடம் ஒரு தடவையாவது பெறுபேறு கேட்டாரா?

இனி அந்தப் பையன். கோபம் வருவது பிழையில்லை, நீங்கள் காப்பை அடகு வைத்துப் படிப்பித்த பிள்ளை. ஏசிய அந்த வார்த்தை பிழை. ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில், அவன் முகமே பார்த்திராத ஒரு மனிதரின் மானத்தைத் தூக்கி வைத்துவிட்டீர்கள். அவன் போனை எடுக்காததைத் திமிர் என்று நீங்கள் எடுத்திருப்பீர்கள். எனக்கு அது கடன்காரன் ஒளிகிற மாதிரித் தெரிகிறது. சம்பளம் போடும் வரைக்கும் கடைப் பக்கம் போகாமல் மேட்டு ரோட்டால் சுற்றிப் போகும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அவன் ஏன் போனான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. வீட்டில் யாருக்காவது வருத்தமா, அம்மா நுண்கடன் எடுத்துவிட்டுக் கட்ட முடியாமல் இருக்கிறாரா, தங்கச்சி ஒருத்தி படிக்கிறாளா? பதினேழு வயதுப் பையன்கள் கொழும்புக்குப் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும். உங்களிடம் வாங்கியதை அவன் தன் வீட்டுக்குச் செய்யப் போயிருக்கலாம். அப்படியென்றால் முதலாளி சொன்னதை உங்களுக்கு முன்னால் அவன் செய்து முடித்துவிட்டான்.

அவனுக்குப் போன் எடுக்க வேண்டாம், ஒரு செய்தி அனுப்புங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'தம்பி, அன்றைக்கு நான் பேசினது சரியில்லை. நீ எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் சரியா? தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா.' படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பதில் வராமலும் போகலாம், அவசரப்பட்டு இரண்டாவது செய்தி அனுப்பக் கூடாது. அவன் எப்போதாவது பேசினால், ஆசிரியராக நீங்கள் கேட்கக்கூடியவை உண்டு: கடையில் ஊழியர் சேமலாப நிதி பிடிக்கிறார்களா, அதாவது அவன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம், பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாத ஆபத்தான வேலை ஏதும் கொடுக்கிறார்களா. வெளிவாரியாக உயர்தரம் எழுத முடியும் என்பதும், தொழிற்பயிற்சிக்குப் போய்த் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம் என்பதும் அவன் கேட்டால் சொல்ல வேண்டிய விஷயங்கள். கேட்டால் மட்டும்.

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம்.

உங்கள் முதலாளி கைக்கு வந்தபடி கொடுத்தவர் இல்லை. பசிக்குக் கொடுத்தார், வெளிச்சத்துக்குக் கொடுத்தார், பிஸ்கட்டில் நிறுத்தினார். கடையை மூடிவிட்டு உங்களுக்குச் செய்யவில்லை. தன் பிள்ளைகள் சாப்பிட்டது போக, கடை ஓடியது போகத்தான் செய்தார். அதனால்தான் பதினான்கு மாதம் செய்ய முடிந்தது. நீங்கள் 46,000 இல் 21,000 கொடுக்கிறீர்கள், காப்பை அடகு வைக்கிறீர்கள். அந்தக் காப்பு உங்களுடையது மட்டுமா? மகளுடையது, உங்கள் வீட்டுக்காரருடையதும் தான். அவர் கேட்ட கேள்வியில் எனக்குக் கஞ்சத்தனம் தெரியவில்லை. அலுமாரியிலோ எங்கேயோ ஒரு துண்டைப் பார்த்துத்தான் தன் வீட்டு நிலவரம் தெரிய வேண்டி வந்த ஒரு மனிதரின் கேள்வி அது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு எண்ணெய்க் காசு, லீசிங் காசு என்று ஒவ்வொரு நாளும் கணக்குத்தான். அவரிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு கணக்குக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த வரையில் இந்த ஒழுங்கு மாறினால் சண்டைதான் வரும்.

காசு விஷயத்தில் என் யோசனை இது. புதிதாக ஒரு பிள்ளையையும் எடுக்க வேண்டாம். இருக்கும் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவர்கள் எழுதப்போகும் பரீட்சை வரைக்கும் கட்டுங்கள். ஆனால் எந்த வகுப்பு உண்மையில் தேவை என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன், அது பிஸ்கட். கொழும்புக்குப் போனவனுக்குக் கட்டிய பங்கைக் காப்பு திரும்பும் வரைக்கும் அடகுக்குக் கட்டுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நீங்களும் அவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், ஐயாயிரம் என்றாலும் சரி, ஒன்றுமில்லை என்றாலும் சரி. அந்தக் காசு கிணற்றில் போட்ட மாதிரிப் போனாலும் பிள்ளை மேல் கோபம் வராது என்ற அளவுக்குள் இருக்கட்டும்.

காசு இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியதைக் கடையில் காசுக்கும் வாங்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா? அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் தேடி அலையும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்திருக்கும், வீட்டில் வாசிக்க ஆள் இல்லை. பெயரில் ஓர் எழுத்து மாறி, பாடசாலையில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறு பெயருமாக இருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுவது என்று தெரியாமல் நல்ல புள்ளி வைத்துக்கொண்டே இடத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. நுவரெலியா, பதுளை மாவட்டப் பிள்ளைகளுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது என்பதே பல வீடுகளில் தெரியாது. மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பமும் அப்படித்தான். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் கோயில் மண்டபத்திலோ பிள்ளைமடுவத்திலோ (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலோ) ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். பேனை மட்டும் கொண்டு போங்கள். வந்தவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டாம், உங்களை எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

முதலாளியின் கடையை இப்போது யார் நடத்துகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மகனோ மருமகளோ இருக்கலாம். அடுத்த தடவை அம்மாவைப் பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டுக்காரரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு அந்தக் கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள், கடலை உட்பட. மகளுக்கு அந்தக் கடையில் ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கிக் கொடுங்கள்.

காசு கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் மிஸ்